உமித் தூசி என்று சொன்னேன்

ஏழுமலை,

இங்கு எல்லோரும் நலம் என்றுதான் நீ கப்பலேறிய நாளிலிருந்து உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் தொடங்கியிருக்கிறேன். இன்று அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. உன் மகள் அலமேலு பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மீதியைப் படிக்கமாட்டாய். மூளையைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறதாம், அதில் காசநோய் இறங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்தில் இருக்கும் உன் கம்பெனி ஆபீசுக்கு மூன்று தரம் போய்த் தந்தி கொடுக்கச் சொன்னேன். "கப்பல் கடல்ல கீது பெரியவரே, அடுத்த துறைமுகத்துல கையில குடுத்துடுவாங்க" என்று ஒவ்வொரு தரமும் ஒரே பதில். உனக்கு எதுவும் சேரவில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. நேற்று உன் கடிதம் வந்தது. அதில் பாப்பாவுக்குப் பொம்மை வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் ஆஸ்பத்திரி வாசலில் இந்த வேப்பமரத்தடியில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் நான் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் நான் கேட்கப்போவதைக் கேட்டால் நீ செய்யமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

நீ கப்பலுக்குப் போவதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? கும்மிடிப்பூண்டி அரிசி மில்லில் உமி பிரிக்கும் ஹல்லர் பக்கத்தில் இருபது வருஷமாக நிற்கிறவன் நான். அங்கே எல்லோரும்தான் இருமுவார்கள், உமித் தூசி யாரையும் விடாது. நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. பிறகு ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. அடுத்த வாரம் மறுபடி வந்தது. கும்மிடிப்பூண்டியில் டாக்டரிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். அதனால் ஹல்லருக்குச் சல்லடை வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் திருவள்ளூர் வரைக்கும் போனேன். அங்கே ஒரு டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "ரத்தம் வந்துதா?" என்றார். இல்லை என்றேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பட்டணம் போயி நெஞ்சைப் படம் எடுத்துப் பாருங்க, சீட்டு தர்றேன், நாள் கடத்தாதீங்க" என்று எழுதிக் கொடுத்தார். திருவள்ளூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அந்தச் சீட்டை நாலாகக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன். இந்தக் கைதான், இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கும் இதே கை.

ஏன் கிழித்தேன் என்று கேட்பாய். மூட்டை தூக்குகிற பெருமாளை நீயும் பார்த்திருக்கிறாய். அவன் ரத்தம் கக்கியதை ஒருத்தன் பார்த்தான், அன்றைக்கே வேலை போயிற்று. அதோடு விட்டார்களா? அவன் வீட்டு வாசலில் நின்று பேசக்கூட ஆள் இல்லை. அது ஒன்று. இன்னொன்று நீ. அதே வாரம்தான் உனக்குக் கப்பலில் ஆயில்மேன் வேலை உத்தரவு வந்தது. மில் என்ஜினுக்கு எண்ணெய் விட நான் காட்டிக்கொடுத்த பையன் கப்பல் என்ஜினுக்கு எண்ணெய் விடப்போகிறான் என்று நம் ஊர் ஆரம்பாக்கம் பூராவும் சொல்லித் திரிந்தேன். நீ மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "உன் இருமலக் கேட்டுக்கினே எப்படி நைனா கெளம்பறது? டாக்டராண்ட காமிச்சியா இல்லியா?" என்றாய். "காமிச்சேன்டா. உமித் தூசியாம். மில்லுல வேல செய்றவன் இருமாம பின்ன இன்னா பாட்டா பாடுவான்?" என்றேன். நீ சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து, அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பொய் சொல்லி ஒருவனை நிம்மதியாக அனுப்பிவைப்பதும் பாசம் என்றுதான் அப்போது நம்பினேன். நீயும் ஒரு தகப்பன். பிள்ளைகளுக்காகச் சொல்லும் பொய் பிள்ளைகள் மேலேயே வந்து விழும் என்று இதைப் படித்தாவது தெரிந்துகொள்.

நான் அவ்வளவு கேடுகெட்டவன் இல்லை, பாப்பாவுக்கு ஒட்டக்கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்தேன். அதைக் கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரும். இந்த நோய் எச்சிலில்தான் ஒட்டும், தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தால் போதும் என்றுதானே நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்? காரணம் சொல்லாமல் தட்டைத் தனியாக எடுத்தால் உன் பெண்டாட்டி சரோஜா கேட்பாள். அதனால் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் வரைக்கும் இலையில்தான் சாப்பாடு, தனித் தம்ளர், என் பாத்திரத்தை யாரும் தொடக்கூடாது, நானே கழுவிக்கொள்வேன் என்று சட்டம் போட்டேன். அந்தப் பெண் நம்பினாள். தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய் எனக்கு இலை அறுத்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டில், எங்க மாமா எவ்ளோ சுத்தமா விரதம் இருக்காரு என்று பெருமை பேசினாள். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஒரு நாள் கூட நம்பியிருக்கமாட்டாள். நான் சாமி கும்பிடும் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

அலமேலு மட்டும் என் சட்டத்துக்குள் வரவில்லை. மில்லிலிருந்து சாயங்கால பாசஞ்சரில் வந்து, குளித்து, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, நெஞ்சை இரண்டு தரம் தட்டுவேன். எங்கேயிருந்தாலும் ஓடிவந்து ஏறிப் படுத்துக்கொள்வாள். காதை என் நெஞ்சின் மேல் அழுத்திக்கொண்டு ரயில் வருகிறதா என்று கேட்பாள். உனக்குத் தெரியாது, உன் மகளுக்கு நம் வீட்டுப் பக்கம் போகும் ரயில்களைச் சத்தத்தை வைத்தே அடையாளம் தெரியும். "தாத்தா, இது கூட்ஸு", "இது மெயிலு, நிக்காது" என்பாள், தப்பே வராது. நான் இருமினால் என் நெஞ்சு தூக்கிப்போடும், அவளையும் சேர்த்துத் தூக்கிப்போடும். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். "தாத்தா ரயிலு ஓட்டுது, இன்னும் ஓட்டு, இன்னும் ஓட்டு" என்பாள். அவள் கேட்கிறாளே என்று, வராத இருமலையும் சேர்த்து இருமிக் காட்டியிருக்கிறேன், ஏழுமலை. தம்ளரைத் தொடாதே என்று குழந்தையைத் திட்டியவன், என் மூச்சையே அவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தேன். நோய் தட்டில் இல்லை, இருமலில்தான் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருத்தர் கொடுத்த சீட்டைத்தான் நான் கிழித்துப் போட்டிருந்தேனே.

தை பிறந்து கொஞ்ச நாளில் அவளுக்குச் சுரம் ஆரம்பித்தது. பெரிய சுரம் இல்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் விட்டுவிடும். விளையாடப் போகமாட்டாள், எதற்கெடுத்தாலும் அழுவாள், சாப்பிட்டதைக் கக்குவாள். தூக்கத்தில் பல்லைக் கடித்தாள். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன், விளக்கெண்ணெய் கொடுக்கவைத்தேன். சரோஜாவுக்கு மனசு கேட்கவில்லை. "பட்டணத்துக்கு இட்டுக்கினு போலாம் மாமா, எனக்கு இன்னாவோ பயமா கீது" என்றாள். பூச்சிக்கெல்லாம் யாராவது பட்டணம் போவார்களா என்று அதட்டினேன். பட்டணத்தில் போய் நின்றால் எனக்கும் படம் எடுக்கச் சொல்வார்களோ என்ற பயம் எனக்குள் இருந்தது. அதை அப்போது எனக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் நான் இருமியபோது அலமேலு தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சத்தம் வேணாம் தாத்தா, தல வலிக்குது" என்று வீறிட்டாள். மறுநாள் காலையில் அவளுடைய ஒரு கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கழுத்தைக் குனிக்க முடியவில்லை, கட்டைபோல் விறைத்திருந்தது. அப்போதுதான் கிளம்பினோம்.

பொன்னேரி தாண்டும்போது ரயிலிலேயே வலிப்பு வந்தது. சரோஜா மடியில் அந்தச் சின்ன உடம்பு வில்லாக வளைந்து உதறியது. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ ஜன்னலைத் திற, காற்று வரட்டும் என்று கத்தினார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு கதவோரம் போய் நின்றேன். என் பேத்தி வலிப்பில் துடிக்கும்போது அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதன் நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, எந்நேரமும் களைத்த முகம். குழந்தையைச் சுருட்டிப் படுக்கவைத்து முதுகுத் தண்டில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "மூளைய சுத்தி தண்ணி கட்டிட்டிருக்கு, வெளிய போற வழி அடைச்சிருக்கு, அதனாலதான் நினைவில்ல. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி இது வந்தா ஒரு குழந்தையும் பிழைக்காது. இப்ப ஊசி இருக்கு, புதுசா மாத்திரையும் இருக்கு, பார்ப்போம்" என்றார். அப்புறம் கேட்டார்: "வீட்டுல யாராவது ரொம்ப நாளா இருமுறாங்களா?" சரோஜா சட்டென்று, "யாரும் இல்லீங்க. மாமாவுக்குத்தான், அது மில்லுத் தூசி" என்றாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே போதுமாயிருந்தது. அன்றைக்கே என்னைப் படம் எடுக்க அனுப்பினார்கள். நெஞ்சில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை இருக்கிறது என்று படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள்.

சரோஜா அழவில்லை, கத்தவில்லை. வெராண்டாவில் என் எதிரில் வந்து நின்று கேட்டாள். "திருத்தணிக்கு வேண்டிக்கினேன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா மாமா?" "நான் எல அறுத்துக் குடுத்தனே" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு, "அவருக்கும் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அந்த ஒரு பதிலில்தான் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. நீ வந்தபிறகு அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசினாலும் நான் பொறுக்கமாட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவில்லையா என்று ஊரில் ஒருத்தர் விடாமல் கேட்பார்கள். அத்தனை பேருக்கும் நீ என் பெயரைச் சொல். நான் பிழைப்பேனோ மாட்டேனோ, என் பெயரைத் தாராளமாகச் சொல்.

தினமும் இடுப்பில் ஒரு ஊசி, முதுகுத் தண்டில் ஒரு ஊசி. முதுகில் குத்தும்போது நினைவில்லாமல் கிடக்கும் குழந்தை கூட முனகும், அது வெளியே வரைக்கும் கேட்கும். அதே நோயோடு பக்கத்துக் கட்டிலில் இருந்த திருத்தணிப் பக்கத்துப் பையன் ஒரு வாரத்தில் போய்விட்டான். அவன் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு போகும்போது சரோஜாவிடம் அவனுடைய பால் தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனாள். பதினைந்து நாள் போனபிறகு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். "இந்த ஊசி காதைத் தொட்டாலும் தொடும். ஏற்கெனவே நோயும் அங்கதான் இருக்கு. நிறுத்தினா உயிருக்கு ஆபத்து. தகப்பனார் ஊர்ல இல்லைன்னு சொன்னீங்க, நீங்கதான் சொல்லணும்" என்று என்னைப் பார்த்தார். எனக்கு ரயில் சத்தம்தான் ஞாபகம் வந்தது, கூட்ஸு, மெயிலு. வாயைத் திறந்தேன். சரோஜா குறுக்கே கையை நீட்டினாள். "மாமா, நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். அவள பெத்தவ நான் கீறேன்" என்றாள். டாக்டரம்மாவிடம் திரும்பி, "ஊசியப் போடுங்க. அவளுக்குக் கேக்கலன்னா நான் கத்திச் சொல்லிக்கிறேன்" என்றாள். கத்தினால் கேட்கும் என்று நினைத்திருந்தாள் பாவம். டாக்டரம்மா அதைத் திருத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து அலமேலு கண் திறந்தாள். தண்ணி என்றாள். சரோஜா ஓடிவந்து என்னிடம் சொன்னாள், அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தானாக என்னிடம் பேசினாள். பிறகு நாளாக நாளாக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வலது கை தூக்க வரவில்லை. கண் இன்னும் நேராகவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் வலிப்பு வருகிறது. நர்சையும் அம்மா என்கிறாள், தோட்டியையும் அம்மா என்கிறாள். ஒரு நாள் வார்டில் யாரோ ஊசித் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் தூக்கிவாரிப்போட்டு அழுதன. அலமேலு மட்டும் தன் பாட்டுக்குப் போர்வை நூலை இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லும்போதுதான் சரோஜா உடைந்து அழுதாள். "உயிர் பிழைச்சுக்குவான்னு இப்ப சொல்ல முடியும். எப்படிப் பிழைப்பான்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து வேண்டுமாம். நடக்கவும் பேசவும் புதிதாகப் பழக்க வேண்டுமாம். நீ அவளிடம் பேசும்போது முகத்துக்கு நேரே வந்து பேசு, அவள் உன் வாயைப் பார்க்கட்டும். செவிடு என்று நம் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது, விளையாட்டுக்குக்கூட.

என்னை வார்டுக்குள் விடுவதில்லை, விடவும் கூடாது. எனக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், குழந்தைகள் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. அதனால் இந்த வேப்பமரத்தடிதான் என் இடம். நாலு நாளைக்கு முன் சரோஜா அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஜன்னலுக்கு வந்தாள், வெளியே வேடிக்கை காட்ட. அவள் பார்வை அங்குமிங்கும் அலைந்து என் மேல் வந்து நின்றது. அம்மா, நர்சு, தோட்டி எல்லாம் அவளுக்கு ஒன்றாகிவிட்டதே, என்னை எங்கே தெரியப்போகிறது என்று நானும் பேசாமல் நின்றேன். அவள் இடது கையைத் தூக்கினாள். தன் நெஞ்சை இரண்டு தரம் தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி இரண்டு தரம் தட்டினாள். கட்டிலில் சாய்ந்து நான் கூப்பிடுவேனே, அதே மாதிரி. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஏழுமலை. வரக்கூடாது கண்ணு என்று கத்தினால் அவளுக்குக் கேட்காது. நானும் பதிலுக்குத் தட்டினால் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஜன்னலில் தாவுவாள். நான் மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தாத்தாவுக்கு நாம் வேண்டாம் என்று அவள் நினைத்திருப்பாள், வேறு என்ன நினைக்க முடியும்? எத்தனை நேரம் தட்டிக்கொண்டிருந்தாள் என்று நான் சரோஜாவைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது உன் கடிதத்தில் இருந்த வரிக்கு வருகிறேன். "என்ஜின் ரூமில் எண்ணெய்ப் புகை அதிகம், இரண்டு மாதமாக இருமல், வெறும் புகைதான், பயப்படாதே நைனா" என்று எழுதியிருக்கிறாய். அதைப் பத்துத் தரம் படித்தேன். கப்பலேறும் வரைக்கும் நீயும் அதே ஒற்றை அறையில்தானே படுத்திருந்தாய்? நான் உனக்கு என்ஜினுக்கு எண்ணெய் விட மட்டும்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். இதையும் காட்டிக்கொடுத்திருக்கிறேன். புகை என்று சொல்லாதே, உன் காலில் விழுகிறேன். இந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வருகிறதோ அங்கேயே இறங்கி டாக்டரிடம் போ. ரத்தம் வந்ததா என்று கேட்டால் உள்ளதைச் சொல். சீட்டுக் கொடுத்தால் கிழிக்காதே. கப்பல் உன்னை விட்டுவிட்டுப் போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும், ஊர் பேசினால் பேசட்டும். இப்போது மருந்து இருக்கிறது, சீக்கிரம் பிடித்தால் தீரும் என்று டாக்டரம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு நேரம் கடந்துவிட்டதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பொம்மையை ஆபீசுக்கு அனுப்பிவை, சரோஜா வாங்கிக்கொள்வாள். நீ மட்டும் அப்படியே ஓடிவந்து அவளைத் தூக்கிவிடாதே. முதலில் நெஞ்சைப் படம் எடு, தேவையானால் மருந்து சாப்பிடு, இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபிறகு வா. எத்தனை மாதம் ஆனாலும் அப்படியே வா. வந்து கட்டிலில் சாய்ந்து நெஞ்சை இரண்டு தரம் தட்டு. என்னால் இனி அது முடியாது. அவள் ஏறிப் படுக்க நம் வீட்டில் ஒரு நெஞ்சாவது இருக்கட்டும்.

உன் நைனா